வெங்காயத்துக்குத் தடை, வசவுக்குச் சந்தை!

அமெரிக்காவில் ஒரு விசித்திரமான சட்டம் இருக்கிறது. அங்கே கோதுமையின் மேல், சோளத்தின் மேல், பருத்தியின் மேல் முன்பேர வியாபாரம் நடத்தலாம். வெங்காயத்தின் மேல் நடத்தக் கூடாது. 1958இல் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாக இருந்தபோது போட்ட சட்டம் அது. இன்றும் அமலில் இருக்கிறது.

அது சும்மா வந்த சட்டம் அல்ல. 1955இல் சிகாகோவில் இரண்டு வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து, அந்த நகரத்துக்கு வந்த வெங்காயம் ஏறக்குறைய அத்தனையையும் வளைத்துப் பிடித்தார்கள். பிறகு விலை விழும் என்று தாங்களே பந்தயம் கட்டிவிட்டு, பதுக்கிய சரக்கைச் சந்தையில் கொட்டினார்கள். 1955 ஆகஸ்டில் 2 டாலர் 75 சென்ட் விற்ற 50 பவுண்டு மூட்டை, 1956 மார்ச்சில் 10 சென்ட்டுக்கு விழுந்தது. உள்ளே இருந்த வெங்காயத்தைவிட வெளியே இருந்த சாக்குக்கு விலை அதிகம்! பயிரிட்ட விவசாயி போண்டியானான். வியாபாரிகள் இருவரும் லட்சம் லட்சமாக அள்ளினார்கள். விவசாயிகளின் ஆத்திரம் தாங்காமல்தான் அந்த நாட்டுப் பார்லிமெண்டு அசைந்து கொடுத்தது.

இன்று அதே நாட்டில், அதே சர்க்காரின் லைசென்சோடு, வேறொரு சரக்கு விலை போகிறது. அது வயலில் விளைவதல்ல. ஜனாதிபதி டொனால்ட் டிரம்பின் வாயில் விளைவது!

ஜனாதிபதி நாளைய கூட்டத்தில் என்ன வார்த்தை சொல்லுவார்? முன்னாள் ஜனாதிபதி பைடனை “தூங்குமூஞ்சி ஜோ” என்று ஏசுவாரா, மாட்டாரா? சொல்லுவார் என்று பணம் கட்டலாம். சொல்லமாட்டார் என்றும் கட்டலாம். கால்ஷி என்று ஒரு கம்பெனி, பாலிமார்க்கெட் என்று ஒரு கம்பெனி. இரண்டும் நியூயார்க்கில் இருந்துகொண்டு செல்போன் மூலம் இந்தக் கடையை நடத்துகின்றன. “கால்ஷி” என்றால் அரபு மொழியில் “எல்லாம்” என்று அர்த்தமாம். பொருத்தமான பெயர்தான். எல்லாமே விற்பனைக்கு!

கணக்கு சுலபம். ஒரு சீட்டின் முகமதிப்பு ஒரு டாலர். “சொல்லுவார்” என்ற சீட்டு 60 சென்ட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு டாலர். 40 சென்ட் லாபம். சொல்லாவிட்டால் போட்ட 60 சென்ட்டும் போயிற்று. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே விலை ஏறும், இறங்கும். ஜனாதிபதி பைடன் பெயரை எடுத்தால் போதும், சீட்டு துள்ளும். எந்த வார்த்தை செல்லும், எது செல்லாது என்பதற்கு விதிப் புத்தகமே உண்டு. பன்மையில் சொன்னால் செல்லும். ஒட்டிக்கொண்டு வரும் வேறு வடிவம் என்றால் செல்லாது! வக்கீல்கள் உட்கார்ந்து வசவுக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார்கள்.

இதில் என்ன குடிமுழுகிப் போயிற்று, அவன் காசை அவன் தொலைக்கிறான் என்று சிலர் கேட்கிறார்கள். சொல்லுகிறோம்.

டிரம்ப் ஏசுவது வெறும் வாய்க்கொழுப்பு அல்ல. அவர் வாயில் விழுகிறவர்கள் யார் என்று பாருங்கள். 2025 நவம்பரில் விமானத்தில் ஒரு பெண் நிருபர் சங்கடமான ஒரு கேள்வி கேட்டார். ஜனாதிபதி விரலை நீட்டி, “சும்மாயிரு, பன்றிக்குட்டி” என்றார். 2025 டிசம்பர் 2ஆம் தேதி மந்திரிசபைக் கூட்டத்தில், காமிராக்களுக்கு எதிரே, சோமாலியா நாட்டிலிருந்து வந்து குடியேறிய மக்களைப் பற்றிப் பேசினார். அவர்களில் ஒருவரான பார்லிமெண்டு உறுப்பினர் இல்ஹான் ஒமரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் “குப்பை” என்றார். அவர்கள் நம் நாட்டில் வேண்டாம் என்றார். அதே கூட்டத்தில் இன்னொன்றும் சொன்னார்: சாமான் விலை கட்டுப்படியாகவில்லை என்ற பேச்சே எதிர்க்கட்சிக்காரர்களின் மோசடி என்றார். விலைவாசியைக் கேட்டால் மோசடி; கேட்கிறவன் கறுப்பனாக இருந்தால் குப்பை. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே உட்காரலில் வந்தன. நம் வாசகர்களுக்கு இதற்குமேல் வியாக்கியானம் தேவையில்லை.

யார் இந்தச் சோமாலி ஜனங்கள்? மினசோட்டா மாகாணத்தில் அவர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள். பெரும்பாலோர் அந்த நாட்டுப் பிரஜைகள். உள்நாட்டு யுத்தத்துக்குத் தப்பி வந்து, இறைச்சித் தொழிற்சாலைகளிலும் கிட்டங்கிகளிலும் உடம்பை முறித்துக்கொண்டு பிழைக்கிறவர்கள். மினியாபோலிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஷாக்கபி என்ற ஊரில் அமேசான் கம்பெனியின் பிரம்மாண்டமான கிட்டங்கி இருக்கிறது. மணிக்கு இத்தனை சாமான் எடுத்துக் கட்ட வேண்டும் என்று மெஷின் கணக்கு வைத்து விரட்டும் இடம் அது. அமெரிக்கா பூராவும் தொழிலாளியைக் கண்டு அசையாத அந்தக் கம்பெனியை 2018இல் பேச்சுவார்த்தைக்கு உட்கார வைத்தவர்கள் இந்தச் சோமாலித் தொழிலாளர்கள்தான். அந்த வருஷம் டிசம்பரில் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து போராடினார்கள். அவர்களைத்தான் குப்பை என்கிறார் ஜனாதிபதி! சொல்லோடும் நிற்கவில்லை. அதே 2025 டிசம்பரில் மினியாபோலிஸுக்குக் குடியேற்றப் போலீஸ் படை போய் இறங்கியது.

ஆட்சி பீடத்திலிருந்து வரும் வசவு இப்படித்தான் வேலை செய்யும். முதலில் வார்த்தை வரும். பின்னாலேயே லாரியில் போலீஸ் வரும். நமக்கு இது புதிதா? பண்ணையார் எந்தக் குடும்பத்தைச் சாதி பேர் சொல்லி ஏசத் தொடங்குகிறாரோ அந்தக் குடும்பத்துக்கு அடுத்த அறுப்பில் வேலை கிடைக்காது என்பது நம் கிராமங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேஸ்திரியின் வாயில் யார் பேர் நாறுகிறதோ அவர் மேல்தான் அடுத்த சார்ஜ் ஷீட்டு.

வசவைக் கேட்டவுடன் ஒரு மனிதனுக்கு என்ன தோன்ற வேண்டும்? “யாரடா அவன், என் கூட வேலை செய்கிறவனை இப்படிச் சொல்ல?” என்று தோன்ற வேண்டும். அந்த ஆத்திரம்தான் ஏழைகளின் கைமுதல். அதிலிருந்துதான் சங்கம் பிறந்தது. இந்தச் சூதுக்கடை அந்த ஆத்திரத்தின் வேரிலேயே வெந்நீர் ஊற்றுகிறது. இருபது டாலர் கட்டியவன் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அந்த நாட்டு மத்திய சர்க்காரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009க்குப் பிறகு ஒரு சென்ட்கூட ஏறவில்லை. அந்தக் கூலிக்காரனுக்கு இருபது டாலர் என்பது ஏறக்குறைய மூன்று மணி நேர உழைப்பு. அதைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறவன் என்ன வேண்டிக்கொள்வான்? “சொல்லு சாமி, சொல்லு! அந்த வார்த்தையைச் சொல்லித் தொலை!” என்றுதான் வேண்டுவான். வசவு வந்துவிட்டால் கைதட்டுவான். தன் தோழன் அவமானப்பட்டால் தனக்கு நாற்பது சென்ட்!

எதிர்ப்பக்கம் கட்டியவன் ஒழுங்கானவன் அல்லவா, அவன் வசவு வரக் கூடாது என்றுதானே வேண்டுகிறான் என்று கேட்கலாம். அவனும் திட்டு வாங்கியவனைப் பற்றிக் கவலைப்படவில்லை. “ஐயோ, சொல்லித் தொலைத்தானே, என் காசு போச்சே!” என்பதுதான் அவன் துக்கம். இருவருக்கும் நடுவில், குப்பை என்று அழைக்கப்பட்ட கிட்டங்கித் தொழிலாளி கண்ணுக்கே தெரியாமல் போகிறான். ஒரு குறிப்பிட்ட சொல் அன்றையப் பட்டியலில் இருந்ததா இல்லையா என்பதல்ல விஷயம். ஜனாதிபதியின் நாக்கைப் பந்தயக் குதிரையாகப் பார்க்கப் பழகிவிட்ட கண், அந்த நாக்கு யாரைக் கடிக்கிறது என்று பார்க்காது.

கடைக்காரர்கள் இதற்கெல்லாம் சூதாட்டம் என்று பெயர் சொல்லுவதில்லை. “ஜோசியச் சந்தை”யாம்! ஆயிரம் பேர் பணம் கட்டினால் நடக்கப்போவது என்ன என்ற ஞானம் அதிலிருந்து பிறக்குமாம். அடடா! ஒரு மனிதர் வாயைத் திறந்து என்ன சொல்லுவார் என்பதில் என்ன ஞானம் இருக்கிறது? அவருக்குத் தெரியும், அவருக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பவனுக்குத் தெரியும். மற்றவன் எல்லாம் இருட்டில் கல் எறிகிறவன்.

2025 அக்டோபர் 30ஆம் தேதி இந்த ஞானத்தின் லட்சணம் அம்பலமாயிற்று. காயின்பேஸ் என்ற கம்பெனியின் தலைவர் பிரையன் ஆம்ஸ்ட்ராங், பங்குதாரர்களுக்கு லாபக் கணக்கு சொல்லும் கூட்டத்தில் பேசினார். அந்தக் கூட்டத்தில் அவர் வாயிலிருந்து என்னென்ன சொற்கள் வரும் என்று சுமார் 84,000 டாலர் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பேச்சு முடியும் தறுவாயில், பந்தயம் நடப்பதைக் கவனித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டு, “பிட்காயின், எத்தீரியம், பிளாக்செயின், ஸ்டேக்கிங், வெப் 3” என்று மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல வாசித்துவிட்டு எழுந்து போய்விட்டார்! தமாஷாம். சீட்டாட்டத்தில் சீட்டைக் கலைக்கிறவனே எந்தச் சீட்டு வேண்டும் என்று தீர்மானிக்கிற ஆட்டத்தை நம் ஊர்த் திருவிழாவில் நடத்தினால் உதை விழும். அங்கே அதற்கு “புதுமை” என்று பெயர்.

ஒரு கம்பெனித் தலைவர் தமாஷுக்குச் செய்ததை ஜனாதிபதியைச் சுற்றியிருக்கும் கூட்டம் லாபத்துக்குச் செய்தால்? 2026 ஜனவரி 3ஆம் தேதி அமெரிக்கப் படை வெனிசுலாவுக்குள் புகுந்து மதுரோவைப் பிடித்துக்கொண்டு போயிற்று. அதற்குச் சற்று முன்னால், மதுரோ பதவி இழப்பார் என்று பாலிமார்க்கெட்டில் ஒரு கணக்கில் சுமார் 32,000 டாலர் கட்டப்பட்டது; விடிந்ததும் 4 லட்சம் டாலருக்கு மேல் லாபம்! முன்கூட்டித் தெரிந்த ஒருவரின் வேலை என்று அமெரிக்காவிலேயே பலத்த சந்தேகம் கிளம்பியது. படையெடுப்புக்கே இந்தக் கதி என்றால் ஒரு வசவு எம்மாத்திரம்?

தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்லுவது யார் என்பதும் ரசமான சங்கதி. 2025 ஜூனில் உக்ரைன் ஜனாதிபதி ஜெலென்ஸ்கி ஹேக் நகரத்து மகாநாட்டுக்குப் போட்டு வந்த உடுப்பு கோட்டு சூட்டா இல்லையா என்று பாலிமார்க்கெட்டில் 20 கோடி டாலருக்கு மேல் பந்தயம் புரண்டது. முடிவு சொன்னது கோர்ட்டல்ல, தையல்காரனுமல்ல. தீர்ப்புக்கென்றே வைத்திருக்கும் ஒருவகை டோக்கனை யார் அதிகம் வாங்கி வைத்திருக்கிறானோ அவனுக்கு அதிக ஓட்டு! “சூட் அல்ல” என்று தீர்ந்தது. பணக்காரனுக்கு அதிக ஓட்டு என்ற ஜனநாயகம் அங்கே வெட்கமில்லாமல் எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு வாதம் இருக்கிறது. அதுதான் படித்தவர்களை மயக்குவது. முன்பேரச் சந்தை என்பது நஷ்டத்துக்குப் பாதுகாப்பு. பருத்திக்கு இருக்கலாம் என்றால் மற்றதற்கும் ஏன் கூடாது என்கிறார்கள். பஞ்சைப் பற்றி நமக்குச் சொல்லித் தர வேண்டாம். மில் முதலாளி ஆறு மாதம் கழித்து வேண்டிய பஞ்சுக்கு இன்றே விலை பேசுகிறான். அதில் பதுக்கல் உண்டு, பித்தலாட்டம் உண்டு. பருத்தி போட்ட சம்சாரி ஏமாந்துதான் போகிறான். ஆனாலும் பேரத்துக்குப் பின்னால் பஞ்சு என்று ஒரு பொருள் இருக்கிறது. வசவுச் சந்தையில் யார் எந்தப் பயிரைப் பாதுகாக்கிறார்கள்? ஒருவேளை, சோமாலித் தொழிலாளி தினமும் காலையில் “இன்று என்னைக் குப்பை என்பார்” என்று சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு, ஏச்சு விழுகிறபோதெல்லாம் ஒரு டாலர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறார்களா? அவமானத்துக்கு இன்ஷூரன்ஸா? அதற்குப் பிரீமியமும் அவமானப்பட்டவனே கட்ட வேண்டுமா?

“எங்கள் கடையில் முதலாளியே கிடையாது, ஜனங்கள் ஜனங்களோடு ஆடுகிறார்கள்” என்றும் சொல்லுகிறார்கள். சுத்தப் பொய். ஒருவன் ஜெயித்தாலும் இன்னொருவன் தோற்றாலும் கால்ஷிக்குக் கமிஷன் விழும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சீட்டு விற்பவர்களில் சஸ்குவஹானா போன்ற ராட்சதத் தரகுக் கம்பெனிகள் இருக்கின்றன. கால்ஷியின் சொந்தத் துணைக் கம்பெனியும் இருக்கிறது. கிட்டங்கியிலிருந்து களைத்து வந்து கட்டைவிரலால் செல்போனைத் தட்டுகிறவன், கணித நிபுணர்களையும் மின்னல் வேக மெஷின்களையும் வைத்து ஆடுகிறவனோடு மோதுகிறான்.

இப்போது வியாபாரம் யார் கையில் என்று பார்ப்போம்.

இந்தச் சந்தையைக் கண்காணிக்க வேண்டிய சர்க்கார் இலாகா பண்ட முன்பேர வியாபாரக் கமிஷன். தானியமும் பருத்தியும் கால்நடையும் விற்கும் சந்தைகளில் மோசடி நடக்காமல் பார்ப்பதற்காக 1974இல் சட்டம் போட்டு ஏற்படுத்தியது. அந்தக் கமிஷன் 2022இல் பாலிமார்க்கெட்டுக்கு 14 லட்சம் டாலர் அபராதம் விதித்து, அமெரிக்கர்களிடம் வியாபாரம் செய்யாதே என்றது. 2024 மே மாதத்தில் தேர்தல் பந்தயங்களைத் தடுக்க விதி கொண்டுவருவதாக அறிவித்தது. கால்ஷி கோர்ட்டுக்குப் போய் 2024 செப்டம்பரில் ஜெயித்தது. கமிஷன் அப்பீல் செய்தது. அந்தச் சமயத்தில் டிரம்ப் தேர்தலில் ஜெயித்தார். 2025 ஜனவரியில் அவருடைய மூத்த மகன் டொனால்ட் டிரம்ப் ஜூனியர் கால்ஷியின் ஆலோசகர் ஆனார். மே மாதம் கமிஷன் அப்பீலை வாபஸ் வாங்கிக்கொண்டது. ஜூலையில் பாலிமார்க்கெட் மேலிருந்த விசாரணைகள் மூடப்பட்டன. ஆகஸ்டில் அதே மகன் சம்பந்தப்பட்ட முதலீட்டுக் கம்பெனி பாலிமார்க்கெட்டில் பணம் போட்டது. அவர் அதன் ஆலோசனைக் குழுவிலும் உட்கார்ந்தார். கமிஷனின் தலைவர் பதவிக்கு ஜனாதிபதி முதலில் பெயர் கொடுத்த நபர் யார்? கால்ஷியின் டைரக்டர்களில் ஒருவர்! அந்தப் பெயர் பிறகு வாபஸ் ஆயிற்று என்பது வேறு விஷயம். ஐந்து பேர் இருக்க வேண்டிய கமிஷனில் 2025 இறுதியில் ஒரே ஒருவர்தான் இருந்தார். காவலுக்கு ஆளில்லாத களத்தில் நெல் எவ்வளவு மிஞ்சும்?

பெரிய முதலைகள் பின்னாலேயே வந்தன. 2025 அக்டோபரில், நியூயார்க் பங்குச் சந்தையின் சொந்தக்காரக் கம்பெனி பாலிமார்க்கெட்டில் 200 கோடி டாலர் வரை முதலீடு செய்வதாக அறிவித்தது. டிசம்பரில் கால்ஷியின் மதிப்பு 1,100 கோடி டாலர் என்று முதலாளிகள் நிர்ணயித்தார்கள். அதே அக்டோபரில் ஜனாதிபதியின் சொந்தக் கம்பெனியான டிரம்ப் மீடியாவும் “ட்ரூத் பிரிடிக்ட்” என்ற பெயரில் இதேபோன்ற பந்தயக் கடை திறப்பதாகப் பிரகடனம் செய்தது. அந்தக் கம்பெனியில் ஜனாதிபதிக்குள்ள பெரும் பங்கு ஒரு டிரஸ்டில் இருக்கிறது. அந்த டிரஸ்டின் நிர்வாகி யார்? அதே மூத்த மகன்! ஏசுகிற வாய் அப்பாவுடையது. ஏச்சின்மேல் பணம் கட்டும் கடைகளில் ஆலோசகர் மகன். குடும்பத்துக்கென்று சொந்தக் கடையும் தயார். திட்டு வாங்கத்தான் ஆள் வேண்டும். அதற்கு மினசோட்டாவில் ஏழைகள் இருக்கிறார்கள்.

நியூயார்க்கிலிருந்து வரும் எண்ணை வைத்து ஏழையின் காசு பறிபோவது நம் நாட்டுக்குப் பழைய கதை. பம்பாயில் மட்கா சூதாட்டம் எப்படித் தொடங்கிற்று என்று பழைய மில் தொழிலாளிகளைக் கேட்டால் சொல்லுவார்கள். நியூயார்க் பருத்திச் சந்தை திறக்கும்போது என்ன விலை, மூடும்போது என்ன விலை என்று தந்தி வரும். அந்த எண்ணின் மேல் பந்தயம். நூற்பது பருத்தி, நெய்வது பருத்தி, கூலியைத் தொலைப்பதும் பருத்தி விலையில்! 1961இல் அந்தத் தந்தி நின்றதும், பானைக்குள் சீட்டைப் போட்டு எடுக்கத் தொடங்கினார்கள். பானைக்குத்தான் மட்கா என்று பெயர். பரேல் பகுதி மில் வாசல்களில் சம்பள நாளன்று அந்தப் பானை விழுங்கிய குடும்பங்கள் எத்தனையோ.

இன்றைய சரக்கும் இங்கே வந்து பார்த்தது. “கருத்து வியாபாரம்” என்ற பெயரில் புரோபோ போன்ற கம்பெனிகள் செல்போனில் ஆமா-இல்லை பந்தயம் நடத்தின. கிரிக்கெட் முதல் எலெக்ஷன் வரை எல்லாவற்றுக்கும் பந்தயம். 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைச் சட்டம் போட்டுத் தடுத்தது. புரோபோ பணப் பந்தயத்தை நிறுத்திக்கொண்டது. அதற்கு முன்னாலேயே, 2022இல், தமிழ்நாடு சட்டசபை ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டசபை மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில்தான் கையெழுத்து விழுந்தது. இடையில் போன மாதங்களுக்கு யார் கணக்குச் சொல்லுவது?

அமெரிக்கப் பத்திரிகை உலகம் இதைக் கண்டிக்கிறதா? கண்டிக்கிற பத்திரிகைகள் சில உண்டு. ஆனால் 2025 டிசம்பரில் சி.என்.என்., சி.என்.பி.சி. என்ற இரண்டு பெரிய டெலிவிஷன் ஸ்தாபனங்களும் கால்ஷியோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. 2026 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையின் சொந்தக்காரக் கம்பெனி பாலிமார்க்கெட்டோடு சேர்ந்துகொண்டது. செய்திக்குப் பக்கத்திலேயே பந்தய விலை! ஜனாதிபதி ஏசினார் என்று செய்தி சொல்லுகிறவனும், ஏசுவாரா என்று சீட்டு விற்கிறவனும் கூட்டாளிகள் ஆகிவிட்டால், ஏச்சு ஓய வேண்டும் என்று இவர்களில் யார் விரும்புவார்கள்?

மாகாண சர்க்கார்கள் சில கோர்ட்டுக்குப் போயிருக்கின்றன. நெவாடா, நியூஜெர்சி, மேரிலாந்து, மாசச்சூசெட்ஸ் எல்லாம் கால்ஷியோடு மல்லுக்கு நிற்கின்றன. இதைப் பார்த்து நல்ல காலம் பிறந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த வழக்குகள் முக்கியமாக விளையாட்டுப் பந்தயங்களைப் பற்றியவை. கால்ஷியின் வியாபாரத்தில் பெரும்பகுதி அதுதான். மாகாணத்தில் லைசென்ஸ் வாங்கி வரி கட்டும் சூதாட்ட முதலாளிகளின் பிழைப்பை, லைசென்சும் வாங்காமல் மாகாண வரியும் கட்டாமல் இவர்கள் கெடுக்கிறார்கள் என்பதுதான் அங்கே பெரிய குறை. ஜனாதிபதியின் வசவுக்குச் சீட்டு விற்பதைப் பற்றி அந்தக் கோர்ட்டுகளில் யாரும் வாதாடவில்லை.